படி அதேதான், வேளை வேறு

கார்த்திகை மாதத்து ஞாயிறு, விடியற்காலை ஐந்தரை மணி. சோளிங்கரை ஒட்டிய கொண்டபாளையத்தில், பெரிய மலை அடிவாரத்து டீக்கடை. பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையனுக்கு இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் வேலையாம். இருட்டில் மலை தெரியவில்லை. படி விளக்குகள் மட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக வானத்துக்குள் போய்க்கொண்டிருந்தன. அவற்றையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தவன், டீ கைக்கு வந்ததும் மெல்லக் கேட்டான்.

“அண்ணே, மே மாசம் வந்து ஏறச்சொல்ல பாதியிலயே கண்ணு இருட்டிக்கினு வந்துச்சி. நாலு பேரு புடிச்சி மண்டபத்துல படுக்க வெச்சாங்க. இன்னிக்கு ஏறிடுவேனா? இல்ல, என் ஒடம்புலயே எதுனா கொறையா?”

“அன்னிக்கு எத்தன மணிக்கு ஏற ஆரம்பிச்ச?”

“பதினோரு மணி இருக்கும்ணே. நல்லா சாப்ட்டுட்டுதான் ஏறினோம்.”

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவனுக்குப் புரியவைக்க இன்னும் இரண்டு டீ தேவைப்பட்டது. அங்கே துண்டுதுண்டாகச் சொன்னதை இங்கே கோவையாக எழுதுகிறேன்.

முதலில் மலையின் கணக்கு. யோக நரசிம்மர் இருக்கும் பெரிய மலைக்கு 1305 படி. உயரம் சுமார் 750 அடி. வகுத்துப் பார்த்தால் ஒரு படிக்குச் சராசரி ஏழு அங்குலம். எதிரே யோக ஆஞ்சநேயர் இருக்கும் சின்ன மலைக்கு 406 படி. வீட்டு மாடிப்படியை எத்தனையோ தரம் ஏறி இறங்குகிற ஆளுக்கு ஏழு அங்குலம் ஒரு பொருட்டே இல்லை. ஆகவே படியின் மேல் பழி போட முடியாது. பையனின் காலும் நல்ல கால்தான். நாள் முழுக்க மெஷின் முன்னால் நின்று வேலை செய்கிற கால். அப்படியானால் மே மாதம் பதினோரு மணிக்கு அவனைச் சாய்த்தது எது?

வெயில் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடலாம். ஆனால் அந்தச் சொல்லுக்குள் மூன்று தனித்தனி அடிகள் இருக்கின்றன.

முதல் அடி தலைக்கு மேலிருந்து விழுவது. சோளிங்கர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 13 டிகிரியில் இருக்கிறது. சித்திரை பத்து, பதினொன்றாம் தேதி வாக்கில் நண்பகலில் சூரியன் இந்த ஊருக்கு நேர் உச்சியில் நிற்கும். அன்று உச்சிப்பொழுதில் ஒரு மனிதனுடைய நிழல் அவன் காலடியிலேயே சுருண்டுவிடும். மே மாதம் முழுக்க அதற்குச் சற்றே முன்பின்தான். படியோரத்து மரமும் பாறையும் தம் நிழலைத் தமக்குக் கீழேயே வைத்துக்கொள்ளும், ஏறுகிறவனுக்குத் தராது. கார்த்திகையில் சூரியன் தெற்கே வெகுதூரம் போய்விடுகிறது. நண்பகலிலேயே ஆறடி ஆளுக்கு நாலடி நிழல் விழும். காலை எட்டு, ஒன்பது மணிக்குப் படியோரத்து மரங்களின் நீண்ட நிழல் படிக்கட்டின் மேல் விழும்.

இரண்டாவது அடி காலுக்குக் கீழிருந்து வருவது. இங்கே மலையும் கருங்கல், படியும் கருங்கல். கல் வெயிலை மெதுவாகக் குடித்து மெதுவாகத்தான் கக்கும். மே மாதம் பொழுது சாய்ந்த பிறகும் பாறைப் பக்கம் போனால் அடுப்பங்கரைச் சூடு அடிப்பது அதனால்தான். அது மட்டுமல்ல. பையன் கையிலிருந்த கண்ணாடி கிளாஸைக் காட்டினேன். விளிம்பைப் பிடித்துக் குடிக்கிறான்; நடுவில் பிடித்தால் விரல் பொசுங்கும். இதே டீயைப் பேப்பர் கப்பில் ஊற்றித் தந்தால் அவ்வளவு சுடுவதில்லை. உள்ளே இருக்கிற சூடு ஒன்றுதான், கைக்கு அது வந்து சேரும் வேகம்தான் வேறு. கருங்கல்லும் கண்ணாடியின் ஜாதி. வைத்திருக்கும் சூட்டை உள்ளங்காலுக்குச் சட்டென்று தந்துவிடும். வேடிக்கை என்னவென்றால், வெளிநாட்டில் பனியில் நடக்கிறவர்களுக்கு பூட்ஸ் தைத்து அனுப்புகிற சீமை இது. நம் மலைகளில் செருப்பைக் கீழே விட்டுவிட்டு வெறுங்காலோடு ஏறுகிறவர்கள்தான் அதிகம். கல்லின் மனநிலை நமக்கு நேரடியாகத் தெரிந்துவிடுகிறது.

மூன்றாவது அடிதான் ஆளைச் சாய்ப்பது. அது வெளியே இல்லை, உள்ளே இருக்கிறது.

தசை ஒரு சிக்கனமான இயந்திரம் அல்ல. தின்ற சோற்றின் சக்தியில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான் உடம்பை மேலே தூக்க உதவுகிறது. மிச்சம் முக்கால் பங்கும் சூடாகிறது. அந்தச் சூட்டை உடம்பு அவ்வப்போது வெளியே தள்ளியாக வேண்டும். தள்ள முக்கியமாக இரண்டு வழி. ஒன்று, தோலைவிடக் குளிர்ந்த காற்று பட்டு எடுத்துக்கொண்டு போவது. இன்னொன்று, வியர்வை ஆவியாவது.

டீ மாஸ்டர் அந்த நேரம் பார்த்து அடுத்த டீயை ஒரு முழம் உயரத்திலிருந்து ஆற்றிக்கொண்டிருந்தார். “அவர் எதுக்கு அப்படித் தூக்கி ஆத்துறார்?” என்று கேட்டேன். “நுரை வரதுக்குண்ணே” என்றான். நுரைக்கும்தான். ஆனால் டீயை அப்படி நாடாவாக இழுத்தால் காற்றுப் படும் பரப்பு கூடும், ஆவி நிறையப் போகும், போகும்போது சூட்டையும் தூக்கிக்கொண்டு போகும். நம் உடம்பு வியர்வையைத் தோல் முழுக்கப் பரப்புவதும் இதே வேலைதான். சொட்டிக் கீழே விழுகிற வியர்வையால் பயனில்லை. தோலிலேயே காய்கிற வியர்வைதான் குளிர்விக்கும்.

இப்போது இரண்டு மாதங்களையும் எதிரெதிரே வைத்துப் பார்க்கலாம். நம் தோலின் சூடு சுமார் 34, 35 டிகிரி. வேலூர், ராணிப்பேட்டைப் பக்கம் மே மாதம் காற்றின் சூடு 40-ஐத் தாண்டுவது சர்வசாதாரணம். அதாவது அன்றைக்குக் காற்றே உடம்பைச் சுடுகிறது. முதல் வழி அடைபட்டதோடு, அதன் வழியாகச் சூடு உள்ளேயும் வருகிறது. எல்லாச் சுமையும் வியர்வையின் தலையில் விழும். வியர்வை வெளியேற வெளியேற உடம்பில் தண்ணீர் குறையும். தோலைக் குளிர்விக்கவும் ரத்தம் வேண்டும், தொடைக்கும் ரத்தம் வேண்டும், அன்று அவன் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வந்ததால் வயிற்றுக்கும் வேண்டும். மூன்று பக்கமும் இழுத்தால் மூளைக்குப் போவது குறையும். கண் இருட்டும். கார்த்திகையிலோ விடியலில் 20 டிகிரியை ஒட்டியும் பகலில் 28, 29-ஐ ஒட்டியும்தான் இருக்கும். மழைக்கால ஈரத்தில் வியர்வை கொஞ்சம் மெதுவாகக் காய்ந்தாலும் காற்று நம் பக்கம் நிற்கிறது.

“அப்ப எனக்குக் கொறை எதுவும் இல்ல.”

“நீ போன வேளையிலதான் கொறை.”

நெஞ்சு வலி, மூச்சடைப்பு, ரத்த அழுத்தம் என்று ஏற்கெனவே சிக்கல் உள்ளவர்கள் இந்த டீக்கடைக் கணக்கை நம்பிப் புறப்படக் கூடாது. அவர்கள் டாக்டரைக் கேட்க வேண்டும். அவர்களுக்காகவே 2024 மார்ச்சிலிருந்து இங்கே ரோப் காரும் ஓடுகிறது.

கார்த்திகை வரும் இந்தப் பருவத்துக்குத் தமிழில் பெயர் உண்டு: கூதிர். ஆண்டை ஆறாகப் பிரித்த நம் பழைய கணக்கில் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம். பேச்சில் அந்தச் சொல் போய்விட்டது; மழைக்காலம், பனிக்காலம் என்று இரண்டிலேயே சமாளித்துக்கொள்கிறோம். பள்ளிப் பாடத்தில் வேறொரு சொல் வந்தது, ‘இலையுதிர் காலம்’. ஐரோப்பாவில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை இலை பழுத்து உதிர்வதைப் பார்த்து வைத்த பெயர் அது. நம் ஊருக்கு அது பொருந்தாது. சோளிங்கர் மலையை ஒட்டிய புதர்க்காடும், தென்மேற்கே ஜவ்வாது மலைக் காடும் ஐப்பசி மழையில் நனைந்து பச்சையாக நிற்கிற காலம் இது. படியோரப் புல் முழங்கால் உயரம் வளர்ந்திருக்கும். ஆவாரை மஞ்சளாகப் பூத்திருக்கும். குரோம் உப்பு வருவதற்கு முன்னால் இந்தப் பக்கத்து டேனரிகள் தோல் பதனிட நம்பியிருந்தது இந்த ஆவாரையின் பட்டையைத்தான். அதைச் சொன்னதும் பையன் மலைப் பக்கம் இன்னொரு தரம் திரும்பிப் பார்த்தான்.

நம் மரங்கள் இலை உதிர்ப்பது மாசியிலும் பங்குனியிலும். அவை குளிருக்குப் பயந்து உதிர்ப்பதில்லை. தண்ணீர்ப் பஞ்சத்துக்குப் பயந்து உதிர்க்கின்றன. ஒவ்வொரு இலையும் தண்ணீர் ஆவியாகிற ஒரு ஜன்னல். கோடை வருமுன் ஜன்னல்களைச் சாத்திவிடுகிறது மரம். ஆகவே நம்முடைய உண்மையான இலையுதிர்காலம் மலையேற ஆகாத காலம். சருகும் காய்ந்த புல்லும் தரை முழுக்கக் கிடக்கும். ஒரு பொறி போதும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் நடைபயணம் போனவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்துகொண்டது. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மாதத்தைக் கவனிக்க வேண்டும்: மாசி முடிந்து பங்குனி பிறக்கிற நேரம். காட்டுத்தீக் காலத்தில் மலையேற்றத்துக்கு வனத்துறை அனுமதி தருவதில்லை என்பதற்கு இப்படியொரு விலை கொடுத்த பின்னணி இருக்கிறது.

அதற்காகக் கார்த்திகை ஆபத்தே இல்லாத மாதம் என்று எழுதினால் அது பொய். ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை என்று சும்மா சொல்லிவைக்கவில்லை. வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் உருவாகி வட தமிழகக் கரையை நோக்கி வந்தால், கடலிலிருந்து தள்ளியிருக்கிற ராணிப்பேட்டை, திருவண்ணாமலை வரை கொட்டும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மறுநாள் திருவண்ணாமலையில் தீப மலையின் சரிவில் மண் சரிந்து அடிவாரத்து வீடு ஒன்றில் ஏழு பேர் இறந்தார்கள். அந்த ஆண்டு டிசம்பர் 13-இல் கார்த்திகைத் தீபம் வழக்கம்போல் ஏற்றப்பட்டது, ஆனால் மலையேற பக்தர்களுக்கு அனுமதி தரப்படவில்லை. நூற்றுக்கணக்கான ஆண்டுகள் அசையாமல் நிற்பதாக நாம் நினைக்கிற மலையிலும், பாறைக்கு மேலே இருக்கிற மண் தண்ணீரைக் குடித்துக் குடித்துக் கனத்து, ஒரு கட்டத்தில் பிடி விட்டுவிடும்.

ஆக, மாதத்தைத் தேர்ந்தெடுத்தால் மட்டும் போதாது. மாதத்துக்குள் நாளையும் நாளுக்குள் நேரத்தையும் தேர்ந்தெடுக்க வேண்டும். தொடர்ந்து மழை பெய்கிற நாளிலும் அதற்கு மறுநாளிலும் ஏறக் கூடாது. ஈரமும் பாசியும் சேர்ந்த கருங்கல் வெறுங்காலையே வழுக்கும். ரப்பர் செருப்பைக் கேட்கவே வேண்டாம். மழை விட்டு இரண்டு நாள் வெயில் அடித்த பிறகு வருகிற காலைதான் நல்ல காலை. தூசி கழுவப்பட்டுவிட்டதால் மேலே நின்று பார்த்தால் ஏரிகள் ஒவ்வொன்றாகக் கண்ணாடித் துண்டு மாதிரி தெரியும். கார்த்திகைக்குப் பின் மழையில்லை, கர்ணனுக்குப் பின் கொடையில்லை என்பார்கள். மாதத்தின் கடைசி வாரங்கள் இன்னும் நம்பிக்கையானவை. ஐப்பசியில் உள்நாட்டு இடிமழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் கட்டும். உச்சியும் தனி மரமும் மின்னலுக்குப் பிடித்த இடங்கள். ஆகவே விடியலில் ஏறி, மதியச் சாப்பாட்டுக்குக் கீழே வந்துவிடுவது நல்லது.

பையன் ஸ்வெட்டரை இழுத்து மூடிக்கொண்டான். “கீழயே இப்படிக் குளுருதே, மேல எப்படி இருக்கும்?” நியாயமான கேள்வி. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. அப்படிப் பார்த்தால் 750 அடிக்கு ஒன்றரை டிகிரிதான். ஏலகிரி மாதிரி ஆயிரத்துச் சொச்சம் மீட்டர் மலைக்குப் போனால்தான் உயரத்தின் குளிர்ச்சி நன்றாகத் தெரியும். ஆனால் மேகமில்லாத, காற்றில்லாத பனிக்கால இரவில் கணக்கு தலைகீழாகும். தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டுக் குளிர்கிறது. அதைத் தொட்ட காற்றும் குளிர்ந்து கனத்து, தண்ணீர் மாதிரி சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. நாம் உட்கார்ந்திருக்கிற டீக்கடை அந்தக் குளத்தின் அடியில் இருக்கிறது. இருநூறு படி ஏறினால் கதகதப்பாக இருக்கக்கூடும். ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

இனி எந்த வேகத்தில் ஏறுவது என்பது. இதற்கு இந்த ஊரின் பெயரே ஒரு அளவுகோல் தருகிறது. சோழசிங்கபுரம் என்பது மருவிச் சோளிங்கர் ஆனது என்பார்கள். ஆனால் வைணவர்களின் 108 திவ்யதேசங்களில் இதன் பெயர் திருக்கடிகை. கடிகை என்றால் நாழிகை, 24 நிமிடம். விசுவாமித்திரர் இங்கே ஒரு கடிகை நேரம் நரசிம்மரை வழிபட்டு பிரம்மரிஷி ஆனார் என்பது தலபுராணம். ஒரு கடிகை இங்கே தங்கினாலே முக்தி என்பது நம்பிக்கை. ஒரு நேர அளவைப் பெயராகக் கொண்ட மலை.

அந்த ஒரு கடிகையில் 1305 படியையும் ஏறிவிட வேண்டுமானால் நிமிடத்துக்கு 54 படி ஏற வேண்டும். கிட்டத்தட்ட நொடிக்கு ஒன்று. காலேஜ் பையன்கள் பந்தயம் கட்டி இப்படித்தான் ஓடுவார்கள். முந்நூறாவது படியில் நாக்குத் தள்ளி உட்கார்ந்திருப்பார்கள். 60 கிலோ ஆள் இந்த வேகத்தில் ஏறினால் உடம்புக்குள் உண்டாகும் சூடு, பழைய நூறு வாட் குண்டு பல்பு மூன்றைச் சட்டைக்குள் எரியவிட்ட மாதிரி. நிமிடத்துக்கு 27 படி என்று இரண்டு கடிகையில் ஏறினால் அந்தச் சூடு பாதியாகிவிடும். கவனிக்க: மொத்த வேலை இரண்டிலும் ஒன்றுதான். அதே உடம்பு, அதே 750 அடி. மொத்தச் சூடும் ஏறக்குறைய ஒன்றுதான். அதை வெளியே தள்ளக் கிடைக்கும் நேரம்தான் இரட்டிப்பாகிறது. இடையிடையே மண்டபங்களில் உட்கார்ந்தால் மூன்று கடிகை ஆகும், ஆகட்டும். பக்கத்தில் வருகிறவரோடு மூச்சு வாங்காமல் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா? அதுதான் சரியான வேகம். பேச்சு பாதியில் அறுந்தால் வேகம் அதிகம். கோவிந்தா என்று கோஷம் போட்டுக்கொண்டு ஏறுகிற கிழவிகள் இந்த அளவுகோலைக் கேட்டறியாமலே கையில் வைத்திருக்கிறார்கள்.

தண்ணீர்க் கணக்கு எளிது. குளிர்ந்த காலையில் இந்த ஏற்றத்துக்கு ஒரு டம்ளர், ஒன்றரை டம்ளர் வியர்வைதான் போகும். ஏறுமுன் ஒரு டம்ளர், வழியில் வாய் வாயாக இன்னும் கொஞ்சம் போதும். இறங்கியதும் உப்புப் போட்ட மோர். வியர்வையோடு உப்பும் போயிருக்கும். பாட்டிலைக் கையில் ஆட்டிக்கொண்டு போனால் தண்ணீர் நமக்கில்லை, குரங்குக்கு. இங்கே பலர் கையில் குச்சியோடு ஏறுவது முழங்காலுக்காக அல்ல. வயிற்றில் ஒரு டீயும் இரண்டு பிஸ்கட்டும் இருந்தால் போதும். பொங்கலும் வடையும் இறங்கி வந்த பிறகு.

இறங்குவதைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. ஏறும்போது தொடைத் தசை சுருங்கிக்கொண்டே வேலை செய்கிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே உடம்பைப் பிரேக் பிடிக்கிறது. மூச்சு வாங்காததால் சுலபம் என்று தோன்றும். ஆனால் நீளும்போது பாரம் தாங்கும் தசையில் நுண்ணிய கிழிசல்கள் உண்டாகும். அந்த வலி அன்றைக்குத் தெரியாது. மறுநாளும் அதற்கடுத்த நாளும் வெளியே வரும். ஞாயிறு மலை இறங்கியவன் செவ்வாய்க்கிழமை கம்பெனிப் படியில் கைப்பிடியைத் தேடுவது இதனால்தான். குதிக்காமல், ஒவ்வொரு படியாக, முழங்காலைச் சற்று மடக்கி, ஏறிய நேரத்தில் முக்காலாவது எடுத்துக்கொண்டு இறங்க வேண்டும்.

“இதெல்லாம் தெரிஞ்சிதான் கார்த்திகைன்னு வெச்சாங்களாண்ணே?”

பதினோரு மாதம் கண்மூடி யோகத்தில் இருக்கும் நரசிம்மர் கார்த்திகையில் கண் திறக்கிறார் என்பது இங்குள்ள நம்பிக்கை. அதனால்தான் இந்த மாதத்து ஞாயிறுகளில் இவ்வளவு கூட்டம். வெயிலைக் கணக்குப் போட்டுத்தான் அந்த நம்பிக்கை பிறந்தது என்று நான் சொல்ல மாட்டேன். நம்பிக்கைக்கு அதன் காரணங்கள் உண்டு. ஆனால் பல தலைமுறை ஜனங்களை மே மாதத்து மத்தியானத்தில் இல்லாமல், கல் குளிர்ந்து காடு பச்சையாக இருக்கும் மாதத்தில் இந்தப் படிகளுக்கு அழைத்து வந்தது அது. அழைப்பை ஏற்று வந்த கிழவிகள் மேலே போய்த் திரும்பினார்கள். கம்பெனி லீவு கிடைத்த நாளில் வந்த வாலிபன் மண்டபத்தில் படுத்தான்.

கிழக்கே வெளுத்தது. மலை இப்போது முழுசாகத் தெரிந்தது. பையன் ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டினான். ஷூவைக் கழற்றிக் கடைக்காரரிடம் ஒப்படைத்தான். அவன் கம்பெனியில் செய்ததுதானாம். முதல் படியில் வலது காலை வைத்தவன், எடுக்காமல் சற்று நேரம் அப்படியே நின்றான்.

“ஜில்லுன்னு கீதுண்ணே.”